குழந்தைக்குப் பல் ஊசியா? வலியைக் குறைக்க வழி இருக்கிறது!

"டாக்டருங்க, ஊசி போடாம இந்தப் புள்ளைக்குப் பல்லுவலி நிக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பொங்கலூரில் என் வைத்தியசாலைக்குள் நுழைந்ததுமே அந்த அம்மா பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றது 7 வயதுப் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்டு முடித்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். குழந்தையின் சாப்பாடு, பள்ளிக்கூடம், காய்ச்சல், பல்வலி எல்லாமே அம்மிச்சியின் பொறுப்பு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்த்தாடையில் கடைசிப் பல்லில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குக் குழி.

"ஏற்கெனவே ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனுங்க. ஊசியைப் பார்த்ததும் கத்திக் கூப்பாடு போட்டு, நர்சம்மா கையைக் கடிச்சு வெச்சுட்டா. நாலு பேர் அமுக்கிப் புடிச்சும் முடியல. அதுக்கப்புறம் இவளைக் கூட்டிட்டுப் போறதுக்கே பயமா இருக்குதுங்க. எப்படியும் பால் பல்லுதானுங்களே... விழுந்து முளைக்கப் போறதுதானே?"

அந்தக் கடைசி வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

அது பால் பல் அல்ல!

வாசகர்களே, உங்கள் வீட்டில் 6 வயதைத் தாண்டிய குழந்தை இருந்தால் இப்போதே வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் மொத்தம் 20. மேலே 10, கீழே 10. சுமார் 6 வயதில் இந்தப் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, பக்கத்துக்கு ஒன்றாக 4 கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பல் விழாமல் முளைப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இவை நிரந்தரப் பற்கள். போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

அந்தக் குழந்தைக்குச் சொத்தை விழுந்திருந்தது இந்தப் பல்லில்தான். 60, 70 வருஷம் சோறு மெல்ல வேண்டிய பல்!

பால் பல்லாகவே இருந்தாலும் சும்மா விட்டுவிடலாமா? கூடாது. பால் கடைவாய்ப் பற்கள் விழுவதற்கு 10, 12 வயதாகிவிடும். அதுவரை குழந்தை எதை வைத்து மெல்லும்? சொத்தை உள்ளே இறங்கிச் சீழ் பிடித்தால், அடியில் வளர்ந்து கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கும் ஆபத்து.

சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

'ஆலமரம், வேலமரம் என்று சொல்ல வேண்டியவர் ஊசியைப் பற்றி எழுதுகிறாரே' என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்னால், இதே போல ஊசிக்குப் பயந்து ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். நானும் கிராம்புத் தைலமும், வாய் கொப்பளிக்கக் கஷாயமும் கொடுத்து அனுப்பினேன். வலி நின்றது. மறுபடி வந்தது. மறுபடி தைலம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அந்தப் பையன் வரும்போது ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் இடுங்கி, காய்ச்சலில் அனலாகக் கொதித்தான். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பையன் பிழைத்துக்கொண்டான், பல் பிழைக்கவில்லை. அந்தத் தப்பில் என் பங்கும் உண்டு. 'வலி நின்றால் நோய் நின்றது' என்று பெற்றவர்கள் நினைக்கலாம். வைத்தியன் நினைக்கலாமா?

கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருளுக்கு மரத்துப் போகச் செய்யும் குணம் நிஜமாகவே உண்டு. பல் மருத்துவர்களும் தற்காலிகமாகக் குழியை அடைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது சொத்தையை ஆற்றாது. தைலத்தை நேராக ஈறில் வைத்தால் புண்ணாகும். சின்னக் குழந்தை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால் வலிப்பு வரலாம், கல்லீரல் கெடலாம். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எருக்கம்பாலைச் சொத்தையில் விடுவது, மூக்குப்பொடியை அடைப்பது, புகை பிடித்துப் 'பல்லுப் புழு' எடுப்பது... இதெல்லாம் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. பல்லில் புழு கிடையாது. இனிப்பும் மாவும் பல்லில் ஒட்டி, அதைக் கிருமிகள் புளிக்க வைத்து, அந்தப் புளிப்பு பல்லை அரிப்பதுதான் சொத்தை. எருக்கம்பால் பட்டால் வாயே வெந்து போகும்.

குழி ஆழமாகிவிட்டால் பல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'ஊசியைத் தள்ளிப் போடுவது எப்படி?' என்பதல்ல. 'வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொள்வது எப்படி?' என்பதுதான்.

இலையில் பிறந்த மருந்து

ஊசி மருந்தை 'இங்கிலீஷ் மருந்து' என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு சேதி. மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்கு மூலம் ஒரு மூலிகைதான்! தென் அமெரிக்காவின் மலைவாழ் மக்கள் மென்ற கோகா இலையிலிருந்து 1860-ல் ஜெர்மனியில் கோகெயின் பிரித்தெடுக்கப்பட்டது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற கண் மருத்துவர், அதைக் கண்ணில் விட்டால் வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அதே ஆண்டில் பல் நரம்பை மரக்க வைக்கவும் பயன்படுத்தினார்கள். ஆனால் அது அடிமைப்படுத்தும் மருந்தாயிற்றே! அதனால் வேறு மருந்து தேடினார்கள்.

சுவீடனில் பார்லிப் பயிரை ஆராய்ந்து கொண்டிருந்தவர்கள், ஆய்வில் கிடைத்த ஒரு பொருளை நாக்கில் வைத்தபோது நாக்கு மரத்துப் போனது. அந்த வழியைப் பிடித்துப் போய், 1943-ல் நில்ஸ் லோஃப்கிரேன் என்பவர் லிடோகெயினை உருவாக்கினார். நம் ஊரில் 'லிக்னோகெயின்' என்பது இதைத்தான். இன்றும் பல் ஆஸ்பத்திரிகளில் அதிகம் போடப்படுவது இதுதான்.

வலி எங்கிருந்து வருகிறது?

"ஊசி குத்தும்போது வலிக்காதா பின்னே?" என்று கேட்பீர்கள். குத்துவது ஒரு பங்குதான். இன்னும் மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, வேகம். மருந்து சதைக்குள் புகும்போது இடத்தைப் பிதுக்கிக்கொண்டு போகிறது. வேகமாக அழுத்தினால் அந்தப் பிதுக்கமே வலி. மேல்தாடையின் உட்புறம், அதாவது அண்ணத்தில், சதை எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. மருந்து பரவ இடமில்லாததால் அங்கே வலி அதிகம்.

இரண்டு, புளிப்பு. மருந்து கெடாமல் இருக்க அதைக் கொஞ்சம் அமிலத் தன்மையோடுதான் தயாரிக்கிறார்கள். புண்ணில் எலுமிச்சை பட்டால் எரியுமே, அது போல உள்ளே போகும்போது சுருக்கென்று எரியும்.

மூன்றாவது, தாமதம். சீழ் பிடித்து வீங்கிய இடமும் புளித்துப் போன இடம்தான். அந்தப் புளிப்பில் மருந்தால் நரம்புக்குள் சரியாகப் புக முடியாது. ஊசி போட்டும் மரக்காது, இன்னொரு ஊசி போட வேண்டியிருக்கும். ஊசிக்குப் பயந்து ஒரு மாதம் தள்ளிப்போட்ட குழந்தைக்குத்தான் கடைசியில் அதிக ஊசி, அதிக வலி! இதை ஒவ்வொரு தாய் தகப்பனும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பயம் விளையும் இடம்

அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வீட்டுல இவ சோறு திங்காட்டி என்ன சொல்லுவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்னு மெரட்டுவேனுங்க!"

எத்தனை வீடுகளில் இது நடக்கிறது! சோறு உண்ணாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி, சேட்டை செய்தால் ஊசி. ஊசி என்றால் தண்டனை என்று 5 வருஷம் பாடம் நடத்திவிட்டு, ஆறாவது வருஷம் 'ஊசி நல்லது கண்ணு' என்றால் எந்தக் குழந்தை நம்பும்?

பயந்த உடம்புக்கு வலி கூடுதலாகத் தெரியும். நெஞ்சு படபடக்கும், தசை இறுகும், மனசு முழுக்க அந்த ஒரு இடத்திலேயே நிற்கும். சாதாரணமாகத் தொட்டாலே வலிப்பது போலிருக்கும்.

ஆகவே முதல் மருந்து உங்கள் நாக்கில்தான் இருக்கிறது. ஊசியை வைத்து மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அதே நேரம், பொய்யும் சொல்லாதீர்கள். "ஊசியே போட மாட்டாங்க, சும்மா பார்த்துட்டு வந்துரலாம்" என்று ஏமாற்றிக் கூட்டிப் போனால், அந்தக் குழந்தை அடுத்த முறை உங்களையும் நம்பாது, டாக்டரையும் நம்பாது. "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தான். பிறகு என்ன சொல்வது?

"பல்லைத் தூங்க வெக்கிற மருந்து வெப்பாங்க. பல்லு மட்டும்தான் தூங்கும், நீ முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பே. கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி இருக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன்."

இவ்வளவு போதும். ஒரு வாரம் முன்பே சொல்லி நாள்கணக்கில் பயப்பட விடவேண்டாம். போகும் நாளிலோ, முந்தின நாளிலோ சொன்னால் போதும். ஆனால் வீட்டில் விளையாட்டாகப் பழக்கலாம். கண்ணாடி முன் வாயைத் திறந்து பல் எண்ணுவது, பொம்மைக்குப் பல் வைத்தியம் பார்ப்பது, மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக ஊதுவது... இவையெல்லாம் நல்ல பயிற்சி.

இன்னொன்று. ஊசி போடும்போது "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, அழுகாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம் அல்லவா? அது குழந்தையை அமைதிப்படுத்துவதைவிட, 'ஏதோ பெரிசா நடக்கப் போகுது' என்று சந்தேகப்பட வைக்கிறது. அதற்குப் பதில் வேறு பேச்சு பேசுங்கள். நேற்று வீட்டுக்கு வந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசலாம்.

பல் மருத்துவரிடம் கேளுங்கள்

'டாக்டரிடம் போய் இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல முடியுமா?' என்று தயங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் சந்தோஷப்படுவார். குழந்தைகளுக்கென்றே தனியாகப் படித்த பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தால் அவர்களிடம் போங்கள்.

முதலில் மேல்பூச்சு: ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகும் ஜெல்லை முன்கூட்டியே தடவினால் குத்தும் வலி குறையும். ஈரத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டுத் தடவி, 1 முதல் 2 நிமிஷம் காத்திருக்க வேண்டும். தடவிய உடனே குத்தினால் பலன் இல்லை. எச்சரிக்கை: இந்த ஜெல்லைக் கடையில் வாங்கி நீங்களே தடவாதீர்கள். பென்சோகெயின் கலந்த ஜெல்களை 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் வாயில் தடவக்கூடாது என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும் ஆபத்து அதில் உண்டு.

அடுத்தது நிதானம்: 1 மில்லி மருந்தைச் செலுத்த 1 நிமிஷமாவது எடுத்துக்கொள்வதுதான் முறை. ஊசியின் மெல்லிசு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம்ம ஊர் நிட்டிங் மிஷின் கேஜ் போலத்தான் இதுவும். நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசு. பல் ஊசிகளில் 27, 30 கேஜ் என்று உண்டு. ஆனால் மெல்லிய ஊசியில் வேகமாக அழுத்துவதைவிட, சற்றுத் தடித்த ஊசியில் மெதுவாகச் செலுத்துவது மேல். கையின் அவசரம் வேண்டாமென்றே கம்ப்யூட்டர் மூலம் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவி 1997-ல் வந்தது. சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் பொறுமையான கை போதும்.

குளிர்ச்சியும் அழுத்தமும்: ஊசி குத்துமுன் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் ஐஸ் வைத்தால் உணர்ச்சி குறையும். அண்ணத்தில் என்றால், பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போடுவார்கள். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது, சோடா உப்புக் கரைசல் சேர்த்து அதன் புளிப்பைக் குறைப்பது போன்ற முறைகளும் உண்டு. இவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

கன்னத்தை ஆட்டுதல்: ஊசி போடும்போது டாக்டர் கன்னத்தையோ உதட்டையோ லேசாகப் பிடித்து ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா அல்ல! 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழைய ஒரு கதவு இருக்கிறது. தொடுவது, ஆட்டுவது, அழுத்துவது போன்ற செய்திகள் அதிகமாக வந்தால் அந்தக் கதவு வலிக்குச் சாத்திக்கொள்கிறது. ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி கேட்டில் கூட்டம் அலைமோதும்போது வெளியிலிருந்து ஒருத்தர் உள்ளே நுழைய முடியுமா? அது போலத்தான். முட்டியை இடித்துக்கொண்டதும் நாமே பரபரவென்று தேய்த்துவிடுகிறோமே, அதுவும் இதே காரியம்தான்.

எடையைச் சொல்லுங்கள்: குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. லிக்னோகெயினுக்குக் குழந்தைப் பல் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் கணக்குப் போட்டால் சுமார் 3.3 மில்லிதான். ஆகவே போகுமுன் எடை பார்த்துக்கொள்ளுங்கள். இழைப்பு, இருதயக் கோளாறு, வலிப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் கொடுத்த சூரணம், செந்தூரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

குழந்தையைப் பழக்க 1959-ல் அடில்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிய முறை இன்றும் உலகமெங்கும் நடக்கிறது. முதலில் சொல்லு, பிறகு காட்டு, அதன் பிறகு செய். தண்ணீர் பீய்ச்சும் குழாயை முதலில் குழந்தையின் கையில் பீய்ச்சிக் காட்டுவார்கள். பயம் தெளிந்த பிறகுதான் வாய்க்குள் போகும்.

"வலிச்சா இடது கையைத் தூக்கு, உடனே நிறுத்திடறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டு, சொன்னபடியே நிறுத்தினால் குழந்தைக்குப் பாதி தைரியம் வந்துவிடும். கட்டிப்போட்ட உணர்வுதான் குழந்தையைக் கடிக்க வைக்கிறது.

அழகான ஒரு யுக்தி இருக்கிறது. 2013-ல் காமத் என்ற மருத்துவர் ஒரு குழந்தைப் பல் மருத்துவ இதழில் எழுதியது. படுத்திருக்கும் குழந்தை ஒரு காலைத் தூக்கி, காற்றில் தன் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான்! காலைத் தூக்கிப் பிடிப்பதிலும் எழுத்தை ஞாபகம் வைப்பதிலும் கவனம் போய்விடும். செலவு ஒரு பைசா இல்லை. செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவதும் கைகொடுக்கும்.

சாதாரண ஊசிக்குப் பட்டினி வேண்டாம். லேசாக இட்லி, தோசை சாப்பிடவைத்து, தூக்கக் கலக்கம் இல்லாத காலை நேரத்தில் கூட்டிப் போங்கள். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் பட்டினியைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

ஊசிக்குப் பிறகு... உதடு ஜாக்கிரதை!

சிகிச்சை முடிந்து வந்த மறுநாள், "டாக்டருங்க, உதட்டுல சீழ் புடிச்சிருச்சு" என்று பதறி ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். உதட்டில் வெள்ளையாக, மஞ்சளாகப் படிந்து வீங்கியிருக்கும். பெரும்பாலும் அது சீழ் அல்ல. மரத்துப்போன உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்து மென்றிருக்கும், அந்தப் புண்தான். ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது வராமல் தடுக்கலாமே! உதடும் நாக்கும் மரத்திருப்பது 2, 3 மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் இருக்கும். அது தெளியும்வரை மெல்லும் உணவு வேண்டாம், சூடான டீ, பால் வேண்டாம். தண்ணீர், ஆறின கஞ்சி பரவாயில்லை. உதட்டைக் கடிக்கிறதா, கன்னத்தைக் கிள்ளுகிறதா என்று பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிற அவசரத்தில் குழந்தையை வீட்டில் இறக்கிவிட்டு ஓடிவிடாதீர்கள்.

வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை எடைக்கேற்ற அளவில் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

ஊசியே வேண்டாமென்றால்?

அதற்கும் வழி உண்டு. ஆனால் சீக்கிரம் போனால்தான்! சொத்தை ஆரம்பத்தில் இருந்தால், பலசமயம் ஊசி இல்லாமலே முடித்துவிடுகிறார்கள்.

வெள்ளிச் சத்து கலந்த ஒரு ஃப்ளூரைடு திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் அது மேலே பரவாமல் நின்றுவிடும். ஜப்பானில் 1970-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. ஒரே குறை, அந்த இடம் கறுத்துப் போகும். கடைவாய்ப் பால் பல்லில் கறுப்பு இருந்தால் என்ன? வலியில்லாமல் இருப்பதல்லவா முக்கியம்!

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், பால் கடைவாய்ப் பல்லின் சொத்தையைக் குடையாமல், ஊசியும் போடாமல், மேலே ஒரு உலோகத் தொப்பியை மாட்டி அடைத்துவிடும் முறையைப் பின்பற்றினார். 2007-ல் வெளிவந்த ஆய்வில், குழந்தைகள், பெற்றோர், மருத்துவர்கள் மூன்று தரப்பிலும் பெரும்பாலோர் இந்த முறையையே விரும்பினார்கள். எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அலமாரியில் செருகி வைக்காமல் அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன? ராத்திரி படுக்குமுன் ஃப்ளூரைடு பேஸ்டால் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். 3 வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். டீயில் வர்க்கி தொட்டுச் சாப்பிடுவது, நாள் முழுக்கப் பாக்கெட் தீனி, இவற்றைக் குறைத்தாலே பாதிப் பல் பிழைக்கும். துப்பத் தெரிந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான உப்பு நீர்க் கொப்பளிப்பு நல்லது. ஆனால் அது துணைதான், வைத்தியம் அல்ல.

அந்தக் குழந்தை என்ன ஆனாள்?

அம்மிச்சிக்கு ஒரு மருந்துதான் கொடுத்தேன். "இன்னிலிருந்து வீட்டுல ஊசிங்கற வார்த்தையை மெரட்டறதுக்கு எடுக்கக்கூடாதுங்க." பேத்திக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கிப் பெயர் எழுதுவது, பூவை ஊதுவது போல மூச்சு விடுவது. மூன்று நாள் கழித்து, குழந்தைகளுக்கென்று பல் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினேன். அவரிடம் முன்கூட்டியே போனில் விஷயத்தைச் சொன்னேன். குழந்தையின் தாயையும் ஒருநாள் லீவு போடச் சொன்னேன். கூலி போகிறதே என்று அந்தப் பெண் தயங்கினாள்தான். "பல்லு போனா எத்தனை நாள் கூலிக்கும் திரும்பி வராதும்மா" என்றேன்.

முதல் தடவை அந்த மருத்துவர் வாயில் ஒன்றுமே செய்யவில்லையாம். நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டி, பல் எண்ணி, அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவைதான் ஜெல், பிறகு மெதுவாக ஊசி. பல்லைச் சுத்தம் செய்து அடைத்தாகிவிட்டது. பல் தப்பியது!

அடுத்த வாரம் என்னிடம் காட்ட வந்தார்கள். "வலிச்சுதா கண்ணு?" என்றேன்.

"கொஞ்சூண்டு வலிச்சுது. எறும்பு கடிச்ச மாதிரி. என் பேரு எழுதி முடிக்கறதுக்குள்ள ஊசி முடிஞ்சிருச்சு."

இந்தத் தடவை அவள் முந்தானைக்குள் ஒளியவில்லை. வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள்.

வாசகர்களே, கொஞ்சூண்டு வலியை எந்தக் குழந்தையும் தாங்கும். ஏமாற்றப்படுவதையும் அமுக்கிப் பிடிக்கப்படுவதையும்தான் தாங்காது. இன்று ராத்திரி உங்கள் பிள்ளை சோறு உண்ண அடம்பிடிக்கும்போது உங்கள் வாயில் 'ஊசி' என்ற வார்த்தை வந்தால், சட்டென்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

* 6 வயதில் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். சொத்தை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

* ஊசியைச் சொல்லி மிரட்டாதீர்கள். ஊசி இல்லை என்று பொய்யும் சொல்லாதீர்கள்.

* மேல்பூச்சு தடவிக் காத்திருந்து, மெதுவாகப் போடும்படி கேளுங்கள்.

* எடை, நோய், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

* மரப்பு தெளியும்வரை மெல்ல விடாதீர்கள். உதட்டைக் கவனியுங்கள்.

* கன்னமோ கண்ணோரமோ வீங்கி, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால், ராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைலம் தடவிக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.